பரமட்டாவின் வரலாறு 1788இல் தொடங்கவில்லை: எமது தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர் மற்றும் பாடநூற் குழு உறுப்பினர்களுக்கு,

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர்களுக்கென நீங்கள் அச்சிட்டுள்ள ஊர் வரலாற்றுக் கைநூலில், மேற்கு சிட்னியின் பூர்வகுடிகளான தாருக் மக்களைப் பற்றி ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்திருந்த நான்கு பக்கங்களும் நீக்கப்பட்டு, அவற்றுக்குப் பதிலாக ஒரேயொரு வசனம் இடம்பெற்றிருக்கிறது. "1788ஆம் ஆண்டு ஆளுநர் ஆர்தர் பிலிப், பழங்குடியினர் சிலர் அலைந்து திரிந்த அடர்ந்த காட்டைத் திருத்தி, நாம் இன்று வாழும் பரமட்டா என்ற ஊரை உருவாக்கினார்" என்பதே அந்த வசனம். பரமட்டாவிலும் வென்ட்வேத்வில்லிலும் டூங்காபியிலும் கிராவீனிலும் பிறந்து வளரும் நம் பிள்ளைகள், தாங்கள் நிற்கும் மண்ணைப் பற்றித் தமிழில் படிக்கப்போகும் முதல் வசனம் இதுவாக இருக்கும் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நீக்கப்பட்ட பக்கங்களை எழுதியவர்களுள் நானும் ஒருவன். நீக்கியது ஏன் என்று கேட்டு எழுதியபோது, பக்க எண்ணிக்கை கூடிவிட்டது, பிள்ளைகளுக்கு இரத்தம் சிந்திய கதைகள் வேண்டாம், சங்கம் இந்நாட்டு அரசியலில் தலையிடுவதில்லை என்று மூன்று காரணங்கள் எனக்குச் சொல்லப்பட்டன. அச்சுக்குப் போகுமுன் பேசித் தீர்க்கலாம் என்ற என் வேண்டுகோளுக்குப் பதில் வராமலே நூல் வகுப்பறைக்கு வந்துவிட்டது. ஆகவே, உள்ளே பேசியிருக்க வேண்டியதைப் பெற்றோரும் பழைய மாணவரும் படிக்கும்படி பகிரங்கமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1788 ஜனவரி 26இல், பிரித்தானியா நாடுகடத்திய கைதிகளோடு, முதல் ஆளுநர் பிலிப்பின் தலைமையில் சிட்னிக் குடாவில் இறங்கியவர்களுக்கு அங்கிருந்த மணற்பாங்கான மண் சோறு போடவில்லை. நல்ல நிலம் தேடி ஏப்ரல் மாதம் மேற்கே நடந்துவந்த பிலிப், தாம் கண்டதை அடுத்த மாதமே இலண்டனுக்கு எழுதினார். மரங்கள் ஒன்றுக்கொன்று 20 முதல் 40 அடி இடைவெளி விட்டு நின்றன என்பதும், சில இடங்கள் நீங்கலாக அடியில் புதரே இல்லை என்பதும் அவருடைய கடிதத்திலேயே இருக்கின்றன. கைநூல் சொல்லும் அடர்ந்த காட்டை, அந்த ஊரை உருவாக்கியவர் என்று கைநூல் போற்றும் மனிதரே காணவில்லை. அவர் கண்டது, பருவமறிந்து சிறு தீ மூட்டிப் புதரை அடக்கி, புதுப்புல்லைத் துளிர்க்க வைத்து, அந்தப் புல்லைத் தேடி வரும் கங்காருவை வேட்டையாடியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த நிலத்தை. கடலிலிருந்து ஏறிவரும் உப்புநீரும் மேலிருந்து இறங்கும் நன்னீரும் சந்திக்கும் ஆற்றுவளைவு அது. விலாங்கும் மீனும் அங்கே குறைவில்லாமல் கிடைத்தன. அந்த ஆற்றங்கரையின் மணற்படிவை நம் காலத்தில் அகழ்ந்தபோது, சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் அங்கு இருந்ததற்கான தடயங்கள் வெளிப்பட்டன. நல்ல நிலம் என்று பிலிப் கண்டறிந்த இடம், நல்ல நிலமாக வைத்திருக்கப்பட்ட இடம் என்பதை நாங்கள் எழுதிய முதற்பக்கம் சொன்னது. அதைச் சொல்வதில் என்ன அரசியல் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

1788 நவம்பர் 2ஆம் திகதி படைவீரரும் கைதிகளுமாக ஒரு கூட்டம் அந்த ஆற்றுவளைவில் இறங்கி, அதற்கு ரோஸ் ஹில் என்று பெயரிட்டுப் பயிர் வைத்தது. 1789 கடைசியில் அங்கே கோதுமை விளைந்தது; பட்டினியின் விளிம்பில் நின்ற குடியேற்றம் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அந்த அறுவடையில்தான் பிறந்தது. 1791 ஜூன் மாதம் ஊரின் பெயர் பரமட்டா என்று மாற்றப்பட்டது. அங்கு ஏற்கெனவே வாழ்ந்த பர்ரமட்டகல் குழுவினரின் பெயரிலேயே இருந்த இடப்பெயர் அது. ஊரை 'உருவாக்கியவர்' பெயரைக்கூட ஊர்க்காரரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

"சிலர் அலைந்து திரிந்த" என்ற பகுதிதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. ஏனெனில் அந்தச் சிலருக்குப் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது, அவர்கள் பேசியதும் பதிவாகியிருக்கிறது. 1790ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மௌகோரன் என்ற முதியவர் ஆளுநரிடம், ரோஸ் ஹில்லில் இத்தனை பேர் குடியேறியதால் தம் மக்கள் கடுங்கோபத்தில் இருக்கிறார்கள் என்று முறையிட்டார். வெள்ளையர் எங்கே நிலைகொள்கிறார்களோ அங்கிருந்து பூர்வகுடிகள் விலகிப்போக வேண்டியதாகிவிடுகிறது என்பதை பிலிப்பின் குறிப்புகளே அந்த இடத்தில் ஒப்புக்கொள்கின்றன. முறைப்பாட்டைக் கேட்டு அவர் செய்தது ரோஸ் ஹில்லின் படைக்காவலை அதிகரித்ததுதான். நிலம் தன்னுடையது என்று சொல்லத் தெரிந்தவனை அலைந்து திரிந்தவன் என்று எழுத நமக்கு எப்படி மனம் வந்தது?

மௌகோரனின் மகள் பூரோங். 1789 ஏப்ரலில் சிட்னித் துறைமுகத்தைச் சுற்றியிருந்த மக்களிடையே பெரியம்மை பரவியபோது, நோயுற்ற நிலையில் குடியேற்றத்துக்குக் கொண்டுவரப்பட்டு, உயிர்தப்பி, போதகர் ரிச்சர்ட் ஜோன்சனின் வீட்டில் வளர்ந்தாள். அந்த நோயில் அப்பகுதி மக்களில் பாதிப் பேர் மாண்டுபோனதாக பிலிப்போடு பழகிய பூர்வகுடி மனிதர் பெனலோங் சொன்னதை வைத்து பிலிப் கணக்கிட்டார். குகைகளிலும் கரையோரங்களிலும் அடக்கம் செய்ய ஆளில்லாமல் பிணங்கள் கிடந்தன. ஆகவே, பரமட்டாவில் முதல் கோதுமை அறுவடையானபோது அங்கிருந்தவர்கள் 'சிலர்' ஆகியிருந்தார்கள் என்றால், அவர்கள் ஏன் சிலர் ஆனார்கள் என்பதையும் சொல்லும் கடமை நூலுக்கு உண்டு. பேரழிவின் மிச்சத்தைக் காட்டி, எப்போதும் இவ்வளவுபேர்தான் இருந்தார்கள் என்று சொல்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை.

பூரோங்கின் சகோதரன் பலூடெரி. நீங்கள் நீக்கிய நான்கு பக்கங்களில் ஒன்று முழுவதும் இவனைப் பற்றியதாக இருந்ததால், அதன் சுருக்கத்தையாவது பெற்றோர் அறிய இங்கே தருகிறேன். இவன் ஆளுநர் பிலிப்பின் வீட்டில் தங்கியவன். 1791 ஏப்ரலில் ஹோக்ஸ்பரி ஆற்றை நோக்கி பிலிப் மேற்கொண்ட பயணத்தில் உடன் சென்றவன். அதே காலத்தில் பரமட்டாவில் ஒரு சிறு வணிகம் துளிர்விட்டது. ஆற்றில் பிடித்த மீனைப் பூர்வகுடியினர் கொண்டுவந்து கொடுத்து, ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியும் வாங்கிச் சென்றனர். இரு தரப்பும் ஒரே சந்தையில் நின்று கொடுத்து வாங்கும் வழியொன்று அங்கே திறந்திருந்தது. பலூடெரி அதில் முன்னணியில் நின்றான். அவனுடைய புதிய மரப்பட்டைப் படகைச் சில கைதிகள் வேண்டுமென்றே அழித்தார்கள். முகத்திலும் மார்பிலும் கைகளிலும் சிவப்புப் பூசிக்கொண்டு, பழிவாங்குவேன் என்று சொல்லியபடி அவன் நேரே ஆளுநரின் வீட்டுக்கு வந்தான். குற்றவாளிகள் அவன் கண்முன்னே தண்டிக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவன் தூக்கிலிடப்பட்டுவிட்டதாக ஒரு பொய்யும் அவனுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் அவனுடைய சட்டம் வேறு. படகை இழந்தவன் தானே ஈடு வாங்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். அவன் வழியில் கண்ட கைதி ஒருவனை ஈட்டியால் குத்திக் காயப்படுத்தினான். அந்த நொடியிலிருந்து அவன் பிடிக்கப்பட வேண்டியவன் ஆனான். மீன் வணிகமும் நின்றுபோயிற்று.

அந்த ஆண்டு டிசம்பரில் பலூடெரி நோயுற்று இறந்தான். பிலிப் தம் தோட்டத்திலேயே அவனை அடக்கம் செய்ய இணங்கினார். ஒரு மரப்பட்டைப் படகில் கிடத்தி, ஈட்டியும் மீன்பிடிக் கருவியும் உடன்வைத்து அவனைப் புதைத்தார்கள். நட்பு இருந்தது, துரோகம் இருந்தது, இரண்டு சட்டங்கள் மோதிக்கொண்டதும் இருந்தது. ஒரு வசனத்துக்குள் அடைபடக்கூடிய வாழ்க்கையா இது? பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தால் அரை மணி நேரம் விவாதிப்பார்கள். அவர்களுக்குக் கிடைத்திருப்பதோ காட்டைத் திருத்திய கதை.

இரத்தம் சிந்திய கதை வேண்டாம் என்ற காரணத்துக்கு வருகிறேன். நம் பாடசாலையின் கலைவிழா மேடையில் கட்டபொம்மன் தூக்குமேடை ஏறாத ஆண்டு அரிது. பண்டாரவன்னியன் வாளெடுத்து வெள்ளையரோடு மோதாத ஆண்டு அதைவிட அரிது. ஆறு வயதுப் பிள்ளைகள் அட்டை வாளோடு வந்து நிற்க, நாம் கைதட்டுகிறோம். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 ஒக்டோபரில். நம் கைநூலின் அட்டையில் பெருமையாக அச்சாகியிருக்கும் பரமட்டாவின் பழைய ஆளுநர் மாளிகையை ஆளுநர் ஹன்டர் எழுப்பியதும் அதே 1799இல்தான். பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியது 1803இல். அதற்கு முந்தைய ஆண்டு, 1802 ஜூனில், இங்கே குடியேற்றத்தை எதிர்த்துப் போரிட்ட பூர்வகுடி வீரன் பெமுல்வோய் சுட்டுக் கொல்லப்பட்டான். ஒரே பேரரசு, ஒரே பத்தாண்டுகள். அங்கே எதிர்த்து நின்றவனை மாவீரன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே எதிர்த்து நின்றவனின் பெயரே நூலில் வராமல் பார்த்துக்கொள்வதற்கு இரத்தத்தின் மீதான அச்சம் காரணமாக இருக்க முடியாது.

பெமுல்வோய் நம் வீட்டு வாசலில் போரிட்டவன். டூங்காபியில் 1791இல் தொடங்கப்பட்ட அரசாங்கப் பண்ணையை 1797 மார்ச்சில் அவனும் அவனுடைய ஆட்களும் தாக்கினார்கள். துரத்தி வந்தவர்களுக்கு எதிரே பரமட்டாவின் எல்லையில் அவன் நின்று போரிட்டான். பூர்வகுடியினர் ஐவரேனும் அங்கே உயிரிழந்தனர். ஏழு குண்டுச் சிதறல்களோடு வைத்தியசாலையில் கிடந்தவன், காலில் விலங்கோடே தப்பிப் போனான். 1801 மே மாதம் ஆளுநர் கிங், பரமட்டா, ஜோர்ஜஸ் ஆறு, புரொஸ்பெக்ட் ஆகிய இடங்களில் காணப்படும் பூர்வகுடியினரைத் துப்பாக்கியால் சுட்டு விரட்டும்படி ஆணையிட்டார். பெமுல்வோயின் மரணத்துக்குப் பின் அவனைத் துணிவும் சுதந்திர உணர்வும் மிக்கவன் என்று எழுதியதும் அதே கிங்தான். கொன்றவனே கொடுத்த மரியாதையை நம் நூல் கொடுக்கவில்லை. அவன் இறந்த பிறகு உடலுக்கு நேர்ந்ததை நாங்களே சிறுவர் நூலில் எழுதவில்லை. எதைச் சிறுவர்க்குச் சொல்வது, எதை விடுவது என்ற அளவு ஆசிரியர்களுக்குத் தெரியும். இன்று கிரேஸ்டெயின்ஸுக்குப் பக்கத்தில் அவன் பெயரில் ஒரு புறநகரே இருக்கிறது. நம் சங்க உறுப்பினர்கள் சிலர் அங்கே வீடு வாங்கிக் குடிபுகுந்திருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் தங்கள் முகவரியில் தினமும் எழுதும் பெயர் யாருடையது என்று கேட்டால், நம் நூலில் பதில் இல்லை.

அரசியல் என்ற காரணத்தின் வேர் எனக்குத் தெரியும். பூர்வகுடியினரின் குரலாக நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அமைப்பை அரசியலமைப்பில் சேர்ப்பது பற்றி 2023 ஒக்டோபர் 14இல் நடந்த பொதுவாக்கெடுப்பு எல்லா மாநிலங்களிலும் தோற்றது. நம் வீடுகளிலும் இரண்டு கருத்துகள் இருந்தன. சங்கம் பிளவுபட வேண்டாம் என்று நீங்கள் கவனமாக இருக்கிறீர்கள். அந்தக் கவனத்தை மதிக்கிறேன். யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது அவரவர் உரிமை. ஆனால் 1790இல் மௌகோரன் ஆளுநரிடம் முறையிட்டது எந்த வாக்கெடுப்பாலும் நடக்காமல் போய்விடாது.

இதில் இன்னொரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதைத் திறந்தே பேசிவிடலாம். காணி மாற்ற வேலை பார்க்கும் அலுவலகங்களில் நான் பல ஆண்டுகள் பணியாற்றியவன். பரமட்டாப் பக்கத்துப் பழைய காணி உறுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனால், விற்றவர், அவருக்கு விற்றவர், அடமானம் வைத்தவர், மரணசாசனத்தில் பெற்றவர் என்று சங்கிலி நீண்டு, கடைசியில் முடிக்குரிய அரசு வழங்கிய ஒரு காணிக் கொடையில் வந்து நிற்கும். இந்தக் குடியேற்றத்தின் முதல் காணிக் கொடை ஜேம்ஸ் ரூஸ் என்ற முன்னாள் கைதிக்கு 1791இல் வழங்கப்பட்ட 30 ஏக்கர். அது பரமட்டாவில்தான் இருக்கிறது. அந்தக் கொடைக்கு மேலே ஒரு தாளும் கிடையாது. கொடுத்தவருக்கு அது எப்படிக் கிடைத்தது என்று கேட்க அந்த உறுதியில் இடமில்லை. உரிமையாளர் இல்லாத நிலம் என்ற எண்ணம் சட்டத்தில் பிழையானது என்று 1992 ஜூனில், பூர்வகுடிகளின் நில உரிமை பற்றிய மாபோ வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே சட்டத்தின்படி, தனியாருக்கு முழுவுரிமையாக வழங்கப்பட்ட காணிகளில் பூர்வகுடி உரிமை அற்றுப்போனதாகவும் கொள்ளப்படுகிறது. எனவே வரலாற்றைச் சரியாக எழுதுவதால் நம்மில் எவருடைய வீடும் பறிபோகப் போவதில்லை. நம் வீடுகளுக்கு ஆபத்தில்லாத ஓர் உண்மையைக்கூட நாம் சொல்லத் தயங்கினால், சொந்த ஊரில் நம் காணிகளைப் பற்றியும் பாடப்புத்தகங்களில் விடுபட்ட நம் பக்கங்களைப் பற்றியும் நாம் ஜெனீவாவரை போய் முறையிடும்போது நம் குரலுக்கு என்ன எடை இருக்கும்? இலங்கையில் நமக்கு நடந்ததும் இங்கே தாருக் மக்களுக்கு நடந்ததும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. காலமும் அளவும் வேறு. இங்கே நாம் நிற்கும் இடமும் வேறு. இந்தக் கணக்கில் நாம் அந்தக் கொடைகளின் பயனைப் பெற்றவர்கள் வரிசையில் நிற்கிறோம்.

பாடசாலை நடத்தும் நமக்கு மிக நெருக்கமான ஒரு பகுதியும் நீக்கப்பட்டது. ஆளுநர் மக்குவாரி 1814 டிசம்பர் 28இல் பரமட்டாச் சந்தையில் பூர்வகுடியினருக்கு ஒரு விருந்து வைத்து, அவர்களின் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை அறிவித்தார். சேர்ந்த பிள்ளையைக் குறித்த வயது வரும்வரை பெற்றோர் திருப்பி எடுக்க முடியாது. ஆண்டுக்கொருமுறை அந்த விருந்து நாளில்தான் பார்க்கலாம். தாருக் தலைவர் யரமுண்டியின் மகள் மரியா அங்கே படித்தவள். 1819இல் நடந்த பொதுப் பரீட்சையில், ஏறக்குறைய 100 ஐரோப்பியப் பிள்ளைகளையும் முந்திக்கொண்டு அவள் முதலிடம் பெற்றாள். பரீட்சை முடிவுகளை மேடையேற்றிக் கொண்டாடும் சமூகம் நாம். இந்தப் பெண்ணின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாதா? 1816 ஏப்ரலில் படைகளை அனுப்பி, அப்பின் என்ற ஊரின் அருகே பெண்களும் பிள்ளைகளும் உட்படக் குறைந்தது 14 பேரின் உயிரைக் குடித்த நடவடிக்கைக்கு ஆணையிட்டவரும் அதே மக்குவாரிதான் என்பதை மேல்வகுப்பு மாணவர் அறியலாம். இரண்டும் ஒரே கையால் நடந்தவை.

1823இல் அந்தப் பாடசாலை இன்றைய பிளக்டவுன் பகுதிக்கு மாற்றப்பட்டது. மரியா, ரொபேட் லொக் என்ற கைதியை மணந்து, 1831இல் தன் இறந்த சகோதரனுக்குக் கொடுக்கப்பட்டிருந்த காணியைத் தனக்குத் தரும்படி ஆளுநருக்கு மனு எழுதினாள். 1843இல் அது அவளுக்குக் கிடைத்தது. 1878இல் இறந்தவளை அடக்கம் செய்த புனித பார்த்தலோமியு ஆலயம் புரொஸ்பெக்டில் இன்றும் நிற்கிறது. நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் நாம் அதைக் கடக்கிறோம். பழைய பாடசாலை நின்ற நிலம் 2018இல் தாருக் மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. மரியாவின் வழித்தோன்றல்கள் மேற்கு சிட்னியில் வாழ்கிறார்கள். நம் நூலோ தாருக் மக்களைப் பற்றி ஓர் இறந்தகால வினையோடு நின்றுவிடுகிறது.

நூலோடு சேர்த்து நீங்கள் ஒழுங்குசெய்த பரமட்டாப் பூங்காச் சுற்றுலாவிலும் இதே கோணல் தெரிந்தது. பிள்ளைகளின் கையில் கொடுத்த வரைபடத்தில் ஆளுநர் மாளிகை, வாகனத் தரிப்பிடம், கழிவறை, இறைச்சி சுடும் அடுப்புகள் எல்லாம் குறிக்கப்பட்டிருந்தன. படகுக்கோ பாத்திரத்துக்கோ பட்டை உரித்தெடுக்கப்பட்ட தழும்போடு அதே பூங்காவில் நிற்கும் மரங்கள் குறிக்கப்படவில்லை. அத்தகைய மரமொன்றின் அருகே நின்று பாருங்கள். நீள்வட்டமாக உரிந்த இடத்தில் உள்மரம் சாம்பல் நிறமாக வெடித்திருக்கும். அதைச் சுற்றி இருபுறமும் புதுப்பட்டை தடித்து உருண்டு, மூட முயன்று முடியாமல் நின்றுபோயிருக்கும். பட்டையை எடுத்தவர் மரம் சாகாத அளவுக்கு அளந்து எடுத்திருக்கிறார். பலூடெரியின் படகு எப்படிச் செய்யப்பட்டது என்று விளக்க இதைவிட நல்ல வகுப்பறை இல்லை. மாளிகையின் முன்னால் நின்று எடுத்த குழுப் படம் மட்டும் சங்கத்தின் செய்திமடலில் வந்தது.

பொங்கல் விழாவின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்ட மண்ணின் மைந்தருக்கான மரியாதை உரையையும் குறிப்பிட வேண்டும். நகர மையத்தில் நடந்த ஏதோவொரு நிகழ்ச்சியின் தாளைப் பிரதி எடுத்திருக்கிறார்கள் போலும். 20 கிலோமீற்றருக்கும் அப்பால், துறைமுகக் கரையில் வாழ்ந்த கடிகல் மக்களுக்கு நாம் வென்ட்வேத்வில்லில் நின்று நன்றி சொன்னோம். நம் விழாவுக்கு வந்து யாழ்ப்பாணத்தாரை மட்டக்களப்பார் என்று ஒருவர் வாழ்த்தினால் மண்டபத்தில் எத்தனை பேர் எழுந்து நின்றிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அன்று ஒருவரும் எழவில்லை.

பக்க எண்ணிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அனுசரணையாளர் விளம்பரங்கள் ஆறு பக்கங்களை எடுத்திருக்கின்றன.

உங்களிடம் நான் கேட்பவை இவை. எஞ்சியுள்ள பிரதிகளின் விநியோகத்தை நிறுத்துங்கள். ஏற்கெனவே கொடுக்கப்பட்ட பிரதிகளுக்கு, அந்த வசனம் பிழையானது என்று தெளிவாகச் சொல்லும் திருத்தத் தாள் ஒன்றை இந்தத் தவணைக்குள் வகுப்புகளில் கொடுங்கள். நீக்கப்பட்ட நான்கு பக்கங்களையும் இரண்டாம் பதிப்பில் சேருங்கள். சேர்க்குமுன் அவற்றின் ஆங்கில வடிவத்தைத் தாருக் சமூகத்தின் மூத்தவர் ஒருவரிடம் உரிய கட்டணம் கொடுத்துப் படிக்கத் தந்து, அவர் சொல்லும் திருத்தங்களை, நாங்கள் எழுதியதை மாற்றுவதானாலும் சரி, அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கான செலவில் என் பங்கை நான் தருகிறேன்.

அடுத்த ஆண்டுச் சுற்றுலாவில் பூங்காவின் தழும்பு மரங்களையும், 1805 மே மாதம் பூர்வகுடிப் பெண்கள் முன்னின்று ஏற்படுத்திய சமாதானப் பேச்சு நடந்த புரொஸ்பெக்ட் பகுதியையும், பொறுப்பானவர்களின் அனுமதி கிடைத்தால் பிளக்டவுன் பாடசாலை நிலத்தையும் சேருங்கள். விழாக்களில் வாசிக்கப்படும் மரியாதை உரையைத் தாருக் மக்களின் பெயரோடு திருத்தி, அதைத் தமிழிலும் வாசிக்க மேல்வகுப்பு மாணவர் ஒருவரை ஒவ்வொரு முறையும் நியமியுங்கள்.

இனி வரலாற்றுப் பாடங்களில் ஆசிரியர் குழு எழுதியதை நீக்குவதானால், நீக்குவதற்கான காரணத்தை எழுத்தில் கொடுத்து, அவர்களின் பதிலையும் பெற்ற பின்னரே அச்சுக்கு அனுப்புவது என்ற விதியை, வரும் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு கேட்கிறேன். சேர்க்கப்படாவிட்டால், யாப்பின்படி தேவையான உறுப்பினர் கையொப்பங்களோடு அந்தப் பிரேரணையை நானே முன்வைப்பேன். பொதுக்கூட்டத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னதாக உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினரும் தமிழ்ப் பாடசாலையின் தொண்டர் ஆசிரியருமான ஒருவர்,
டூங்காபி